பார்த்துக் கற்ற ஊர், பார்த்து எழுதிய பாடம்

திருப்பூர் பனியன் கம்பெனியில் யாரும் யாருக்கும் வகுப்பெடுத்து வேலை சொல்லித் தந்ததில்லை. கைமடியாக உள்ளே போகிற பையன் டெய்லருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பீஸை எடுத்துக் கொடுப்பான், மடித்து அடுக்குவான். டெய்லர் டீ குடிக்க எழுந்து போகிற நேரத்தில் ஓவர்லாக் மிஷினில் உட்கார்ந்து கட்டிங் வேஸ்ட்டில் ஒரு தையல் ஓட்டிப் பார்ப்பான். நூல் அறும். கோத்துவிட்டு மறுபடி ஓட்டுவான். திட்டு விழும், ஆனால் மறுநாளும் டெய்லர் டீ குடிக்கப் போவார். இப்படித்தான் கைமடி டெய்லரானான், டெய்லர் கட்டிங் மாஸ்டரானார், அவர்களில் சிலர் கடன் வாங்கி நாலு மிஷின் போட்டு முதலாளியும் ஆனார்கள். தொழிலாளியாக நுழைந்தவர்கள் முதலாளியாக வெளியே வந்த இந்தக் கதையை ஆராய்ந்து ஷரத் சாரி 2004-ல் ‘ஃபிரட்டர்னல் கேப்பிடல்’ என்று ஒரு புத்தகமே எழுதினார்.

இது பெருமைப்பட மட்டுமே உரிய கதை இல்லை. அந்தக் கைமடிப் பையன்களில் பலர் அந்நேரம் பள்ளிக்கூடத்தில் உட்கார்ந்திருக்க வேண்டிய வயதினர். படிப்பை விலையாகக் கொடுத்துத்தான் தொழிலைக் கற்றார்கள். ஆனாலும் கற்ற முறையை மட்டும் தனியே எடுத்துப் பார்த்தால் ஒன்று தெரியும். கருவி கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. தப்புச் செய்து பார்க்க வேஸ்ட் துணி இருந்தது. கேட்டால் சொல்ல, கேட்காவிட்டால் சும்மா இருக்க, பக்கத்தில் ஒருவர் இருந்தார். அதே ஊரின் பள்ளிக்கூடங்களுக்குக் கம்ப்யூட்டர் வந்தபோது இவற்றில் எதுவும் கூடவே வரவில்லை.

பள்ளிக் கணினிக்கு இந்தியாவில் வயது அதிகம். மத்திய அரசு 1984-ல் ‘கிளாஸ்’ என்ற திட்டத்தைத் தொடங்கி, இங்கிலாந்தின் பிபிசி மைக்ரோ கணினிகளைத் தேர்ந்தெடுத்த சில பள்ளிகளுக்குக் கொடுத்தது. சாதாரண அரசுப் பள்ளி மாணவருக்கு அது பத்திரிகையில் படித்த செய்தி, அவ்வளவுதான். தமிழ்நாட்டின் அரசு மேல்நிலைப் பள்ளிகளில் கணினி அறிவியல் பரவலாகப் பாடமானது 1999-2000 வாக்கில். பயிற்றுநர்கள் ஒப்பந்த அடிப்படையில் வந்தார்கள். அவர்களின் பணி நிரந்தரம் பல ஆண்டுகள் நீதிமன்றப் படியேறிய தனிக்கதை. நாளைக்கு வேலை இருக்குமா என்று தெரியாத ஒருவர் கையில்தான் பள்ளியிலேயே விலை கூடிய பொருட்களின் பொறுப்பு இருந்தது. அவர் பூட்டித்தான் வைப்பார். குற்றம் சொல்ல முடியாது.

அன்றைய கம்ப்யூட்டர் லேபுக்குள் போன தலைமுறைக்கு அதன் வாசனை இன்னும் மறந்திருக்காது. செருப்பை வெளியே கழற்ற வேண்டும். ஒவ்வொரு மானிட்டருக்கும் தைத்த உறை. பனியன் ஊரில் உறை தைத்துத் தர ஆளுக்கா பஞ்சம்? ஒரு மிஷினைச் சுற்றி ஐந்தாறு பேர். கீபோர்டு முன்னால் உட்காருவது எப்போதும் ஒரே பையன்தான், ஏற்கெனவே தெரிந்தவன். மற்றவர்கள் அவன் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்துக்கொண்டிருக்க, “தொடாதீங்க கண்ணுகளா, கெட்டுப்போச்சுன்னா நான் பதில் சொல்லணும்” என்று ஆசிரியர் சொல்லிக்கொண்டே இருப்பார். பள்ளியில் வந்த எந்தப் பாடத்துக்கும் முதல் விதி ‘தொடாதே’ என்று இருந்ததில்லை. கணினிக்கு இருந்தது. போதாததற்கு மின்வெட்டு. 2012-ல் கொங்கு மண்டலத்தில் பகலில் பல மணி நேரம் கரண்ட் இருக்காது. கம்பெனிகள் ஜெனரேட்டருக்கு டீசல் ஊற்றின. பள்ளி லேபுக்கு யார் ஊற்றுவது? பிராக்டிகல் பீரியட் வகுப்பறையிலேயே நோட்டில் நடந்தது.

நோட்டில் நடப்பதற்குத் தோதாகத்தான் பாடமும் இருந்தது. பிளஸ் டூ கணினி அறிவியலுக்கு ஸ்டார் ஆபீஸ் ஒரு பாகம், சி பிளஸ் பிளஸ் ஒரு பாகம் என்று இரண்டு புத்தகங்கள் இருந்த காலத்தை நினைவில் வைத்திருப்பவர்கள் உண்டு. எழுத்துத் தேர்வு 150, செய்முறை 50. அந்த 150-லும் 75 மதிப்பெண் ஒரு மதிப்பெண் கேள்விகளுக்கு. நாலு விடையில் ஒன்றைத் தேர்ந்தெடுத்தால் போதும். செய்முறைத் தேர்வுக்கு முன் கணினியைத் தொடாமலே கணினி அறிவியலில் 200-க்கு 200 வாங்கியவர்கள் உண்டு. இது கேலி இல்லை. அந்த மதிப்பெண்தான் அவர்களைக் கல்லூரிக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தது.

செய்முறைத் தேர்வு இன்னும் சுவாரசியம். வரப்போகும் புரோகிராம்கள் எவை என்பது முன்பே தெரியும். ஆசிரியர் கரும்பலகையில் எழுதுவார், மாணவி ரெக்கார்ட் நோட்டில் எழுதுவாள், வீட்டில் மனப்பாடம் செய்வாள். தேர்வன்று டர்போ சி பிளஸ் பிளஸ்ஸின் நீலத் திரையில் மனப்பாடத்தை அப்படியே இறக்குவாள். ஓரிடத்தில் அரைப்புள்ளி விட்டுப்போகும். கீழே ‘ஸ்டேட்மென்ட் மிஸ்ஸிங்’ என்று வரும். எந்த வரியையொட்டி விட்டுப்போனது என்று அந்தப் பிழைச் செய்தியே எண் போட்டுக் காட்டும். ஆனால் அவள் அதைப் படிக்க மாட்டாள். படிக்கச் சொல்லித் தந்தவர் யாருமில்லை. முழுவதையும் அழித்துவிட்டு முதல் வரியிலிருந்து மறுபடி அடிப்பாள். மந்திரத்தில் ஓர் எழுத்து பிசகிவிட்டால் ஆரம்பத்திலிருந்து சொல்ல வேண்டும் என்ற எண்ணம்.

ஓவர்லாக்கில் நூல் அறுந்தால் எந்தக் கைமடியும் பனியனை முதலிலிருந்து தைக்கப் போனதில்லை. அறுந்த இடத்தைத் தேடித்தான் போனான்.

இதே காலத்தில் பள்ளிக்கு வெளியே ஊர் தன்பாட்டுக்குக் கம்ப்யூட்டர் கற்றுக்கொண்டிருந்தது. பிரிண்டிங் பட்டறைகளில் கோரல் டிராவும் ஃபோட்டோஷாப்பும், எம்பிராய்டரிக்கு பஞ்சிங், கணக்குக்கு டேலி, பேட்டர்ன் போட கேட். பத்தாம் வகுப்பு தாண்டாதவர்கூட நான்கு நிறத்தை ஸ்கிரீனுக்குப் பிரித்துத் தருகிற அளவுக்குத் தேறினார். யாரோ ஒருவர் செய்வதைப் பின்னால் நின்று பார்த்தார், ஆள் இல்லாத நேரத்தில் செய்து பார்த்தார். டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டுகள் ஒவ்வொன்றாகக் கம்ப்யூட்டர் சென்டர்களாகப் பெயர்ப்பலகை மாற்றின. ஆக, ஊருக்குக் கற்கத் தெரியாமல் இல்லை. அந்தப் பழக்கம் பள்ளி வாசலோடு நின்றுவிட்டது.

உள்ளே நுழைய ஒரு வழி 2011-ல் திறந்தது. அந்த ஆண்டு செப்டம்பர் 15 அன்று தமிழக அரசு விலையில்லா மடிக்கணினித் திட்டத்தைத் தொடங்கியது. விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் அதில் இருந்தது. அந்த மடிக்கணினிகளில் என்ன நடந்தது என்று கேட்டால் சிரிப்பவர்கள் இருக்கிறார்கள்: படம் பார்த்தார்கள், பாட்டு ஏற்றினார்கள், சிலர் விற்றும் விட்டார்கள். எல்லாம் உண்மை. ஆனால் படம் பார்க்கப் போன பையன்தான் வீடியோ ஓடாதபோது ஏன் ஓடவில்லை என்று தேடினான், வேறு பிளேயர் போட்டான், வைரஸ் வந்ததும் ஃபார்மேட் செய்யக் கற்றான், பிறகு தெருவில் எல்லோருக்கும் ஃபார்மேட் செய்து கொடுத்தான். அக்காவின் கல்யாண ஆல்பத்தை அவனே வடிவமைத்தான். லேபில் இருந்த கணினி தலைமை ஆசிரியரின் இருப்புப் பதிவேட்டைச் சேர்ந்தது, இது அவனுடையது. கெடுத்துப் பார்க்கும் உரிமை அதோடு வந்தது. என் கணக்கில், பாடத்திட்டம் எதுவும் தராத ஒன்றை அந்தப் பெட்டி தந்தது. பள்ளி மாணவர்களுக்கு அது வருவது 2019-20க்குப் பிறகு நின்றுபோனது. 2025 பட்ஜெட்டில் மீண்டும் அறிவித்தபோது கல்லூரி மாணவர்களுக்கென்று அறிவித்தார்கள்.

பாடப்புத்தகம் மாறியது 2018-ல். மு. அனந்தகிருஷ்ணன் தலைமையிலான குழு உருவாக்கிய புதிய பாடத்திட்டம், பக்கத்துக்குப் பக்கம் கியூஆர் கோடு. அடுத்த ஆண்டு பிளஸ் டூவுக்குப் பைத்தான் வந்தது. கீழ் வகுப்புகளில் கணினி தனிப் பாடமாக இல்லாமல் அறிவியல் புத்தகத்துக்குள் ஒரு பாடமாக உட்கார்ந்தது. ஏழாம் வகுப்பில் டக்ஸ் பெயின்ட், பத்தில் ஸ்கிராட்ச். பத்தாம் வகுப்பு அறிவியலின் கடைசியில் இருக்கும் அந்தப் பாடத்துக்குப் பொதுத்தேர்வு நெருக்கத்தில் எத்தனை பீரியட் கிடைக்கும் என்பதை ஆசிரியர்களிடம் கேட்டுப் பாருங்கள். ஸ்கிராட்ச் என்பது கட்டம் கட்டமாக நகர்த்தி, பூனையை ஓடவிட்டு, ஓடாவிட்டால் ஏன் ஓடவில்லை என்று பார்க்கும் விளையாட்டு. அதை ஐந்து மதிப்பெண் விடையாக எழுதவைக்கும் திறமை நம்மிடம்தான் உண்டு.

2019-ல் ஹைடெக் லேப்கள் வரத் தொடங்கின. மேல்நிலைப் பள்ளிக்கு 20, உயர்நிலைப் பள்ளிக்கு 10 கணினி என்ற அளவில், ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட பள்ளிகளுக்கு. அதே ஆண்டு கணினிப் பயிற்றுநர் பணியிடங்கள் 814-க்கு ஆசிரியர் தேர்வு வாரியம் தேர்வு நடத்தியது. ஆயிரக்கணக்கான மாணவிகள் படிக்கும் ஜெய்வாபாய் பள்ளி போன்ற பெரிய பள்ளிகள் உள்ள திருப்பூரில் 20 கணினி என்பது வகுப்புக்கு வாரத்தில் ஒரு முறை முகம் காட்டும் கணக்குதான் என்றாலும், ஐந்தாறு பேர் ஒரு மிஷினைச் சுற்றி நின்ற காலம் இரண்டு பேர் என்று குறைந்தது. குறைந்த கையோடு லேபுக்கு வேறு வேலைகளும் வந்து சேர்ந்தன. இணையவழி மதிப்பீட்டுத் தேர்வு அங்கே, காணொலிப் பயிற்சி அங்கே, ‘எமிஸ்’ என்ற கல்வித் துறைத் தரவுத் தளத்துக்கான பதிவேற்றமும் அங்கே. மாணவன் தானாக ஒன்றைச் செய்து பார்க்க ஒரு மணி நேரம் மிச்சமானால் அதிசயம்.

கொரோனா வந்ததும் லேப் மொத்தமாகப் பூட்டப்பட்டது. கல்வித் தொலைக்காட்சியும் செல்போனும்தான் பள்ளிக்கூடம். திருப்பூரில் அந்தச் செல்போன் எங்கே இருந்தது? பல வீடுகளில் ஒரே போன். அது அப்பாவோடோ அம்மாவோடோ கம்பெனிக்குப் போய்விடும். ஒன்றரை ஷிஃப்ட் என்றால் காலை எட்டரைக்குப் போன போன் இரவு எட்டரைக்கு மேல்தான் வீடு திரும்பும். பையன் அதைக் கையில் எடுக்கும்போது வீடியோ பாடம் எப்போதோ முடிந்திருக்கும். ‘தானாகக் கற்றல்’ பற்றிக் கருத்தரங்கில் பேசுகிறவர்கள் இந்த எட்டரை மணியைக் கணக்கில் எடுப்பதில்லை. ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்து லைன் வீடுகளில் தங்கியிருக்கும் குடும்பங்களின் பிள்ளைகளுக்கு, போன் கையில் வந்த பிறகும் மொழி ஒரு மதில்.

அந்தக் காலத்தில் போனிலேயே பைத்தான் எழுதிப் பார்த்த பிள்ளைகளும் இருந்தார்கள். போன் கீபோர்டு வரியின் முதல் எழுத்தைத் தானாகவே பெரிய எழுத்தாக்கிவிடும். ‘பிரிண்ட்’ என்ற கட்டளையின் முதல் எழுத்து பெரிதானால் பைத்தானுக்கு அது வேறு பெயர். ‘நேம் எரர்’ என்று சிவப்பில் சொல்லும். புத்தகத்தில் இருப்பதும் திரையில் இருப்பதும் ஒன்றுபோலத்தானே இருக்கிறது, பிறகு ஏன்? பார்த்து எழுதிப் பழகிய கண்ணுக்கு இந்த வித்தியாசம் தெரியாது. தேடிப் பழகிய கண்ணுக்கு ஒரு நாள் தெரியும். தெரிந்த அன்று அந்தப் பிள்ளை இரண்டு விஷயம் கற்கிறது: பைத்தானுக்குப் பெரிய எழுத்தும் சிறிய எழுத்தும் ஒன்றல்ல, சிவப்பில் வருவது திட்டு இல்லை, துப்பு. இரண்டாவதுதான் பெரிது. லோகோ மொழியை உருவாக்கியவர்களில் ஒருவரான சீமோர் பேப்பர்ட் 1980-லேயே ‘மைண்ட்ஸ்டார்ம்ஸ்’ நூலில் சொன்னதன் சாரமும் இதுதான்: புரோகிராமில் வரும் பிழை, சரியா தப்பா என்று தீர்ப்புச் சொல்வதற்கல்ல, சரிசெய்து பார்ப்பதற்கு.

அப்படியானால் கணினியைக் கொடுத்துவிட்டு ஒதுங்கி நின்றால் பிள்ளைகள் தாமே கற்றுவிடுவார்களா? அதைச் சோதித்தும் பார்த்தார்கள். கல்வி ஆய்வாளர் சுகதா மித்ரா 1999-ல் டெல்லி கால்காஜியில் ஒரு சுவரில் ஓட்டை போட்டு, குடிசைப் பிள்ளைகள் தொடும்படி கணினியை வைத்தது உலகம் முழுக்கப் பேசப்பட்டது. பிள்ளைகள் விளையாட்டும் படம் வரைதலும்தான் செய்கிறார்கள் என்று நேரில் போய்ப் பார்த்த ஆய்வாளர்கள் எழுதியதும் உண்டு. எனக்கு டெல்லியைவிட முக்கியமாகத் தெரிவது நம் பக்கத்துக் காளிக்குப்பம். சுனாமி தாக்கிய அந்தக் கடலோரக் கிராமத்தில், தமிழ் மட்டும் தெரிந்த பிள்ளைகளிடம் ஆங்கிலத்தில் உயிரித் தொழில்நுட்பப் பாடங்கள் உள்ள கணினியை மித்ரா வைத்தார். ஆசிரியர் இல்லை. சில மாதங்களில், அவர் சொல்லும் கணக்குப்படி, ஒன்றுமே தெரியாத நிலையிலிருந்து சுமார் 30 சதவீதம் வரை வந்தார்கள். வியக்கத்தக்கதுதான், ஆனால் நம் பள்ளிக் கணக்கில் 35 வாங்காவிட்டால் ஃபெயில். பிறகு, பிள்ளைகளோடு பழகும் இளம்பெண் ஒருவரை அவர்களுக்குத் துணையாக இருக்கச் சொன்னார். அவர் கணக்காளர், உயிரியல் தெரியாதவர். பின்னால் நின்று “அட, எப்படிச் செஞ்சே? எனக்கும் காட்டேன்” என்று கேட்பது மட்டுமே வேலை. மதிப்பெண் 50-ஐத் தொட்டது. 2010-ல் வெளிவந்த ஆய்வுக் கட்டுரையின் தலைப்பிலேயே தானாகக் கற்பதன் ‘எல்லைகள்’ என்று இருக்கிறது. திட்டங்களை வகுப்பவர்கள் 30-ஐ மேடையில் சொல்வார்கள். சொல்ல வேண்டியது அந்தப் பெண் வந்த பிறகு ஏறிய இருபதை.

பிள்ளையை நம்பி விட்டுவிட்டுப் பக்கத்தில் இருப்பது தமிழ்நாட்டுக்குப் புதிதுமல்ல. சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் 2003-ல் அதிகாரி எம்.பி. விஜயகுமார் தொடங்கி, பிறகு மாநிலம் முழுக்கப் போன செயல்வழிக் கற்றலில் ஆசிரியர் தரையில் உட்கார்ந்தார், பிள்ளை தன் அட்டையைத் தானே எடுத்தது. ஒன்றாம் வகுப்புக் குழந்தையை நம்பி அட்டையை விட்ட நாம், பதினோராம் வகுப்பு மாணவியை நம்பி மவுஸை விடத் தயங்கினோம்.

இப்போது என்ன நிலை? கருவி இல்லை என்ற குறை பெருமளவு தீர்ந்துவிட்டது. தமிழில் எழுதப்பட்ட பாடம் இல்லை என்றும் சொல்ல முடியாது. கணியம் தளம் 2012 முதல் லினக்ஸ், பைத்தான், மைஎஸ்கியூஎல் என்று தமிழில் எழுதி இலவசமாகவே தருகிறது. ஆறு முதல் ஒன்பது வரை செயற்கை நுண்ணறிவும் ரோபாட்டிக்ஸும் சொல்லித் தர ‘டிஎன் ஸ்பார்க்’ வந்திருக்கிறது. ஆனால் பார்த்து எழுதும் பழைய நோய் புதுச் சட்டை போட்டு வந்திருப்பதையும் சொல்ல வேண்டும். 2022 இறுதியில் சாட்ஜிபிடி வந்த பிறகு, பிழையை அதில் போட்டால் முழு புரோகிராமே திருத்தப்பட்டு வருகிறது. கரும்பலகையிலிருந்து நோட்டுக்கு எழுதியவர்களின் பிள்ளைகள் போனிலிருந்து நோட்டுக்கு எழுதுகிறார்கள். கையெழுத்து மட்டும் அம்மாவைவிட மோசம்.

இதற்கு மருந்து விலை கூடியதல்ல. லண்டனில் கணினிக் கல்வி ஆய்வாளர் சூ சென்டன்ஸ் வகுத்த ஒரு முறை இருக்கிறது. புரோகிராமை எழுதச் சொல்வதில்லை. எழுதியதைக் கொடுத்து, ஓட்டினால் என்ன வரும் என்று முதலில் ஊகிக்கச் சொல்கிறார். பிறகு ஓட்டிப் பார்க்க வேண்டும், ஏன் அப்படி வந்தது என்று தோண்ட வேண்டும், ஒரு வரியை மாற்றிப் பார்க்க வேண்டும். தானாக எழுதுவது கடைசியில்தான். ஊகத்தைச் சாட்ஜிபிடியிடம் கேட்டு எழுதினாலும் நஷ்டமில்லை, தோண்டும்போது குட்டு வெளிப்படும். இன்னொரு முறைக்குக் கரண்ட்கூட வேண்டாம். புரோகிராமின் வரிகளைத் தனித்தனிச் சீட்டாக வெட்டிக் கலைத்துக் கொடுத்து அடுக்கச் சொல்வது. டேல் பார்சன்ஸும் பாட்ரிசியா ஹேடனும் 2006-ல் எழுதிய முறை இது. பாகம் பாகமாக வெட்டிய பீஸை எந்த வரிசையில் இணைத்தால் சட்டையாகும் என்று தினமும் பார்க்கும் அம்மா இருக்கிற வீட்டுப் பிள்ளைக்கு இதை விளக்கவே வேண்டியதில்லை. இரண்டு பேருக்கு ஒரு கணினி என்பதும் குறையல்ல, ஒருவர் அடிக்க ஒருவர் சொல்ல, பத்து நிமிடத்துக்கு ஒரு முறை இடம் மாற வேண்டும் என்று மட்டும் விதி போட்டால். தெரிந்த பையனே கீபோர்டைப் பிடித்துக்கொண்டிருந்த பழைய லேபுக்கும் இதற்கும் உள்ள வித்தியாசம் அந்தப் பத்து நிமிடம்தான்.

தேர்வு மட்டும் பெரிதாக அசையவில்லை. இன்று எழுத்துத் தேர்வு 70, செய்முறை 20, அகமதிப்பீடு 10. செய்முறைக்கான பயிற்சிகள் இன்றும் முன்கூட்டியே பட்டியலில் இருப்பவைதான். பட்டியலுக்கு வெளியிலிருந்து, பிழையுள்ள ஒரு புரோகிராமைக் கொடுத்து, “இதைச் சரிசெய்” என்று ஒரே ஒரு கேள்வி வைத்தால் போதும்; அடுத்த ஆண்டே லேபின் நடைமுறை மாறிவிடும். மதிப்பெண் போகிற பக்கம்தான் நம் பள்ளிகள் போகும் என்பது எல்லோருக்கும் தெரிந்ததுதானே. மாநிலக் கல்விக் கொள்கை 2025-ல் பதினோராம் வகுப்புப் பொதுத்தேர்வை எடுத்துவிட்டது. அந்த ஒரு வருஷம் இப்போது கையில் இருக்கிறது. அதையும் பன்னிரண்டாம் வகுப்புப் பாடத்தை முன்கூட்டியே நடத்தத் தின்றுவிடாமல் இருந்தால் நல்லது.

திருப்பூர் ஏற்றுமதியாளர்களுக்கும் ஒன்று. பள்ளிகளுக்குக் கணினி வாங்கிக் கொடுத்து முகப்பில் பெயர் பொறிக்கும் பழக்கம் உங்களிடம் உண்டு, நல்ல பழக்கம். அடுத்த முறை கணினிக்குப் பதிலாக மாலை நான்கரை முதல் ஏழரை வரை லேபைத் திறந்துவைத்து உட்கார்ந்திருக்க ஒருவருக்குச் சம்பளம் கொடுங்கள். உங்கள் கம்பெனியில் ஒன்றரை ஷிஃப்ட் ஓடும் நாட்களில் உங்கள் தொழிலாளியின் பிள்ளை அந்த மூன்று மணி நேரம் அங்கே இருக்கட்டும். அங்கே உட்கார்ந்திருப்பவருக்குப் பைத்தான் தெரிந்திருக்க வேண்டிய அவசியமில்லை.